வழி கேட்டவரும் வழி விட்டவரும்

காணி என்றால் அதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். எத்தனை பரப்பு உறுதியில் எழுதப்பட்டிருந்தாலும், உழவு இயந்திரம் போய்வர ஓர் ஒழுங்கை இல்லையென்றால் அது கமக்காரருக்குப் பாதிக் காணிதான். மீளக் குடியேறிய கிராமங்களில் எல்லைப் பிணக்குக்கு அடுத்தபடியாக நாம் அடிக்கடி கேட்பது வழிப் பிணக்கே. பல ஆண்டுகள் பற்றை வளர்ந்து கிடந்த நிலத்தில் முன்பு படலை எங்கே இருந்தது, எந்த வரம்பால் ஊரவர் நடந்தனர் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் பலர் இன்று எம்மிடையே இல்லை.

இதனோடு இன்னொரு சொல்லும் எமது கிராமங்களுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. அது சுற்றுலா. கடற்கரையிலும் குளக்கரையிலும் காணி தேடி வருவோர் அபிவிருத்தி என்ற பெயரோடு வருகின்றனர். வேண்டாம் என்றால் முன்னேற்றத்துக்குத் தடை என்ற பழி. ஆம் என்றால் காணி கைமாறிவிடுமோ என்ற அச்சம். இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இந்த அச்சம் இரட்டிப்பாகும். ஏனெனில், அவர்கள் காணியில் இல்லாத வேளையிலேயே அக்காணியைப் பற்றிய பேச்சு நடைபெறுகிறது.

வழி, சுற்றுலா ஆகிய இரண்டு கேள்விகளையும் ஒருங்கே எதிர்கொண்ட ஒரு மலைப் பள்ளத்தாக்கைப் பற்றி இம்முறை எழுத விரும்புகிறோம். அது வெண்பனி விழும் தேசம். கனடாவிலும் நோர்வேயிலும் உள்ள பிள்ளைகள் அனுப்பும் படங்களில் மட்டுமே நாம் காணும் பனி அது. எமது வரண்ட வலயத்துக்கும் அந்த நாட்டுக்கும் காலநிலையில் எந்தப் பொருத்தமும் இல்லை. ஆயினும் அங்கும் மண்ணை நம்பி வாழ்ந்தவர்கள் கமக்காரரே. அவர்களிடமும் ஒருநாள் வழி கேட்டு ஆட்கள் வந்தனர்.

பனிக்காலத்துப் பாதை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கு மூலையில் வாஷிங்ரன் மாநிலம் உள்ளது. அங்கே வட கஸ்கேட் மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்தில் மெற்ஹவ் என்ற ஆறு ஓடி, கொலம்பியா பேராற்றில் கலக்கிறது. அந்த ஆற்றின் பள்ளத்தாக்கில் மசாமா, வின்த்றொப், ருவிஸ்ப் என்னும் சிற்றூர்கள் இருக்கின்றன. மாட்டுப் பண்ணை, மாட்டுக்கு உலர்புல் வெட்டும் வயல், கீழ்ப்பகுதியில் அப்பிள் தோட்டம் ஆகியவை அங்குள்ளோரின் நெடுங்காலச் சீவியம். குளிர் மிகக் கடுமையானது. 1968 டிசம்பர் 30ஆம் நாள் மசாமாவிலும் வின்த்றொப்பிலும் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 44 பாகை செல்சியசுக்கு இறங்கியது. அம்மாநிலத்தில் பதிவான மிகக் கடும் குளிர் அதுவே.

1972இல் மலைத்தொடரைக் கடந்து ஒரு நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. கோடையில் பயணிகள் வரத் தொடங்கினர். குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயத்தால் அந்தச் சாலை ஆண்டுதோறும் மூடப்படுகிறது. அப்போது பள்ளத்தாக்கின் மேல்முனை அடைபட்டுப் போகும். வயலில் வேலை இல்லை. கடையில் வியாபாரமும் குறைவு. இந்நிலையில் 1977இல் ஊரவர் சிலர் ஒன்றுசேர்ந்து இலாப நோக்கற்ற ஒரு சங்கத்தை அமைத்தனர். பனிக்காலத்தில் பொதுமக்கள் நடமாடி மகிழப் பாதைகள் அமைப்பதே அதன் வேலை. இன்று அந்தப் பாதைகளின் மொத்த நீளம் 200 கிலோமீற்றருக்கு மேல். வட அமெரிக்காவிலேயே இவ்வகையில் மிகப் பெரியனவற்றுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது.

இப்பாதைகள் எப்படிப்பட்டவை? கம்பிவட நாற்காலியில் மலையுச்சிக்கு ஏறி, செங்குத்துச் சரிவில் சறுக்கி இறங்கும் விளையாட்டு ஒன்று உண்டு. இது அதுவல்ல. காலில் நீண்ட ஒடுங்கிய பலகைகளைப் பூட்டி, இரு கைகளிலும் கோல் ஊன்றி, வயல்வெளிகளின் ஓரமாகவும் ஆற்றங்கரை மரங்களின் ஊடாகவும் வழுக்கி வழுக்கி நடப்பது இது. புதிதாக விழுந்த பனி பஞ்சு போன்றது, கால் புதைந்துவிடும். ஆகவே சங்கிலிப் பட்டையில் ஓடும் பெரிய இயந்திரம் ஒன்று, எமது உழவு இயந்திரத்தில் பூட்டும் ரொட்டவேற்றர் போன்ற சுழல்கருவியை இழுத்துச் சென்று, பனியைக் கிளறி நொறுக்கி, அழுத்தி மட்டமாக்குகிறது. பாதையின் ஓரத்தில் பலகைகள் ஓடுவதற்கு இரண்டு இணையான தடங்களையும் பதித்துவிடுகிறது. அப்பனி இறுகச் சில மணி நேரம் குளிரில் கிடக்க வேண்டும். எனவே இந்த வேலை பெரும்பாலும் இரவிலும் விடியுமுன்னுமே நடைபெறும். மீண்டும் பனி விழுந்தால் மீண்டும் வேலை. வசந்தம் வந்து பனி உருகியதும் பாதை மறைந்துவிடும். அதன் கீழ் உறங்கிய புல்வயல் மறுபடியும் வயலாகிவிடும்.

வேலியைத் திறந்தது யார்?

அந்தப் பாதைகள் அரசாங்கக் காட்டுநிலத்தின் ஊடாக மட்டும் செல்லவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் காணிகளின் ஊடாகவும் அவை செல்கின்றன. எந்தக் காணியையும் அரசு சுவீகரிக்கவில்லை. எந்தக் கமக்காரரும் உறுதி மாற்றி எழுதவில்லை. சங்கத்தார் ஒவ்வொருவரிடமும் சென்று கேட்டனர். உடைமையாளர்கள் வழிவிட இணங்கினர். பல இடங்களில் அந்த அனுமதி பனிக்காலத்துக்கு மட்டுமே உரியது. கோடையில் அதே காணிக்குள் யாரும் நுழைய முடியாது. காணி அவருடையது, உறுதி அவருடையது, விளைச்சலும் அவருடையது. அவர் கொடுத்தது வழி மாத்திரமே.

வழிவிடக் கமக்காரர் தயங்குவதற்கு உலகமெங்கும் இரண்டு காரணங்கள் உண்டு. இன்று நடப்பவர் நாளை உரிமை கேட்பாரோ என்பது ஒன்று. நடக்கும்போது விழுந்து காலை முறித்தால் எம்மேல் வழக்குப் போடுவாரோ என்பது மற்றது. இவ்விரண்டும் நியாயமான பயங்கள். வாஷிங்ரன் மாநிலத்தில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதற்கு விடை கண்டது. கட்டணம் வாங்காமல் பொதுமக்களின் பொழுதுபோக்குக்காகத் தம் நிலத்தைத் திறந்துவிடும் உடைமையாளர், எதிர்பாராத காயங்களுக்குப் பொறுப்பாளி அல்லர் என்று அது விதித்தது. தமக்குத் தெரிந்த, பிறர் கண்ணுக்குப் புலப்படாத, மனிதர் செய்துவைத்த ஆபத்து ஏதேனும் இருந்தால் எச்சரிக்கைப் பலகை நாட்ட வேண்டியது அவர் கடமை. அவ்வாறு பொதுமக்கள் நடப்பது அனுமதியின்பேரில் நடப்பதே, அதைக்கொண்டு நிலத்துக்கு உரிமை கோர இயலாது என்பதும் இன்று அச்சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. நல்ல மனம் மட்டும் இருந்திருந்தால் இத்தனை வேலிகள் திறந்திருக்குமா என்பது ஐயமே. நல்ல மனத்துக்குச் சட்டம் துணை நின்றது.

நோர்வே நாட்டில் இதையே வேறு விதமாகச் செய்கின்றனர். அங்கே 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வயல் உறைந்தோ பனி மூடியோ இருக்கும் காலத்தில் எவரும் கேளாமலே அதன் குறுக்கே நடக்கலாம். ஏப்ரல் 30 முதல் ஒக்ரோபர் 14 வரை அந்த அனுமதி கிடையாது. வீட்டு வளவுக்குள் எக்காலத்திலும் கிடையாது. பயிர் உள்ள காலம் கமக்காரருக்கு, பயிர் இல்லாத காலம் ஊருக்கு என்ற பழைய வழக்கமே அங்கு சட்டமாகியது. அறுவடை முடிந்த வயலில் ஊர் மாடுகள் மேய்வதையும், சிறுவர் பந்தடிப்பதையும் கண்டு வளர்ந்த எமக்கு இது அந்நியமான எண்ணம் அல்ல.

கேளாமல் வந்த திட்டம்

இதே பள்ளத்தாக்கில் வேறொரு திட்டமும் வந்தது. மசாமாவுக்கு அருகிலுள்ள ஒரு மலையில் பெரிய பனிச்சறுக்கு நகரம் அமைக்க முதலீட்டாளர் விரும்பினர். பதினாறு கம்பிவட ஏற்றிகள், ஒரே வேளையில் 8,200 பேர் என்ற அளவிலான திட்டத்துக்கு 1984இல் மத்திய அரசின் வன நிருவாகம் அனுமதி வழங்கத் தீர்மானித்தது. பள்ளத்தாக்கு முழுவதிலும் வாழ்ந்தோர் சில ஆயிரம் பேரே. புதிதாக எழும் வீடுகளின் விறகுப் புகை பள்ளத்துக்குள் தேங்கும் என்றும், அங்கு இடம்பெயர்ந்து திரியும் பெரிய மான் கூட்டம் அழியும் என்றும் ஊரவர் அஞ்சினர். மான்களில் பாதி குறையலாம் என மாநில வேட்டை விலங்குத் திணைக்களமே எச்சரித்தது.

ஊரவர் அமைத்த பிரசைகள் சபை வழக்குத் தொடுத்தது. 1987இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1989 மே 1ஆம் நாள் அமெரிக்க உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. சுற்றாடற் பாதிப்பை ஆராய்ந்து வெளிப்படுத்துமாறு சட்டம் கட்டளையிடுகிறது. அப்பாதிப்பைத் தவிர்க்கும் முழுத் திட்டம் ஒன்றை முன்கூட்டியே வகுக்குமாறு கட்டளையிடவில்லை என்பது அந்நீதிமன்றத்தின் முடிவு. ஊரவர் வழக்கில் தோற்றனர். ஆயினும் அந்தப் பதினாறு ஏற்றிகளில் ஒன்றுகூட எழவில்லை. ஆண்டுகள் கடந்தன; முதலீட்டாளர் மாறினர்; 1990களில் மலையடிவாரத்துத் தனியார் நிலத்தில் வேறு வடிவில் வந்த விடுதித் திட்டமும் 2000ஆம் ஆண்டளவில் கைவிடப்பட்டது. அந்தக் காலம் முழுவதும் பனிப்பாதைகள் அமைதியாக நீண்டுகொண்டே இருந்தன.

இரண்டும் சுற்றுலாதான். இரண்டும் வேலை தரும் என்றே சொல்லப்பட்டன. ஒன்று காணிக்காரரின் வாசலில் வந்து நின்று கேட்டது. மற்றது தொலைவிலுள்ள அலுவலகங்களில் வரைபடமாகப் பிறந்து, பின்னரே ஊருக்கு வந்தது. எமக்கு முன்வைக்கப்படும் எந்தத் திட்டத்தையும் அளந்து பார்க்க இந்த வேறுபாடு ஒன்றே போதும் என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் கதை இதைவிட ஆழமானது.

எவரும் கேளாதவர்கள்

வழிவிட்ட கமக்காரர்களின் காணி, அதற்கு முன் யாருடையது? அந்த ஆற்றுக்குப் பெயர் கொடுத்த மெற்ஹவ் மக்கள் அங்கே மீன்பிடித்தும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த பூர்வ குடிகள். 1879இல் அப்பிரதேசம் பூர்வ குடிகளுக்கென ஒதுக்கப்பட்டது. 1883இல் செய்யப்பட்ட ஓர் உடன்பாட்டின் மூலம் அந்த ஒதுக்கீடு திரும்பப் பெறப்பட்டது. 1886இல் நிலம் குடியேற்றக்காரருக்குத் திறந்துவிடப்பட்டது. மெற்ஹவ் மக்களிற் பெரும்பாலோர் கிழக்கேயுள்ள கொல்வில் ஒதுக்கிடத்துக்குச் சென்றனர். அவர்களுடைய சந்ததியினர் இன்று அங்குள்ள பன்னிரு குல மக்களின் கூட்டமைப்பில் ஒரு பகுதியினர். உடன்பாடு என்று அதற்குப் பெயர். ஆனால் இல்லை என்று சொல்ல அவர்களுக்கு இயலுமாக இருந்ததா? 2022இல் பள்ளத்தாக்கின் நிலக்காப்பு அமைப்பு ஒன்று, ஆற்றங்கரைப் பண்ணை ஒன்றை வாங்கி, 300 ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்தைக் கொல்வில் மக்களுக்கே திருப்பிக் கொடுத்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்த பின்னர் செய்யப்பட்ட சிறிய ஈடு அது. ஆயினும் திருப்பிக் கொடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

இன்னொரு கூட்டத்தாரையும் மறக்கலாகாது. பனிப்பாதைகளின் அழகு பரவ, சியாற்றில் போன்ற நகரங்களின் வசதி படைத்தோர் இங்கே இரண்டாவது வீடு கட்டத் தொடங்கினர். காணி விலை ஏறியது. பள்ளிக்கூட ஆசிரியருக்கும் கடைச் சிப்பந்திக்கும் பனிப்பாதை சீர்செய்யும் தொழிலாளிக்கும் அங்கே வீடு எட்டாப் பொருளாயிற்று. நல்ல சுற்றுலாவும் ஏழையை ஊரிலிருந்து வெளியேற்ற வல்லது. இதற்கு மாற்றாக அண்மை ஆண்டுகளில் அங்கே ஒரு வீடமைப்பு நிதியம் தோன்றியது. வீட்டைக் குடும்பம் வாங்கும். அதன் கீழுள்ள நிலம் நிதியத்துக்கே சொந்தமாயிருக்கும். குடும்பம் வீட்டை விற்கும்போது விலைக்கு ஒரு வரம்பு உண்டு. இதனால் அடுத்து வரும் ஏழைக் குடும்பத்துக்கும் அது எட்டும்.

திருநூல் சொல்வது

எண்ணிக்கை நூல் 20ஆம் அதிகாரத்தில் நாடற்று அலைந்த ஒரு மக்கள் கூட்டம் வழி கேட்கிறது. உமது வயல்களுக்குள்ளும் திராட்சைத் தோட்டங்களுக்குள்ளும் இறங்கமாட்டோம், கிணற்று நீரையும் தொடமாட்டோம், பெருஞ்சாலை வழியே மட்டும் போவோம் என்று மோசே ஏதோம் மன்னனிடம் தூதனுப்புகிறார். ஏதோம் மறுக்கிறான். இஸ்ரயேலர் வேறு வழியாகத் திரும்பிச் செல்கின்றனர். ஏதோமின் கடின மனத்தை நாம் மெச்சவில்லை. ஆயினும் கேட்டவர்கள் மறுப்பை ஏற்றுத் திரும்பினர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அரசர் முதல் நூல் 21ஆம் அதிகாரத்தில் ஆகாபு மன்னன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்கிறான். அவனும் கேட்டுத்தான் வந்தான். நல்ல விலை தருவதாகவும், அதைவிட நல்ல தோட்டம் தருவதாகவும் சொன்னான். தந்தையர் வழிவந்த உரிமையைத் தரமாட்டேன் என்றார் நாபோத்து. அந்த ஒரு சொல்லுக்காகப் பொய்ச் சாட்சி சோடிக்கப்பட்டு அவர் கல்லால் எறிந்து கொல்லப்பட்டார். மன்னன் கேட்டது தன் மாளிகைக்கு அருகில் ஒரு காய்கறித் தோட்டம் போடுவதற்காக.

இங்கேதான் எமது கருத்தைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். கேட்பது மட்டும் போதாது. இல்லை என்று சொல்ல இயலாதவரிடம் பெற்ற ஆம், சம்மதம் ஆகாது. மெற்ஹவ் பள்ளத்தாக்கின் பனிப்பாதைகள் நல்ல மாதிரியாக இருப்பதற்குக் காரணம் பனியும் அல்ல, இயந்திரமும் அல்ல. வழிவிட மறுத்தாலும் அந்தக் கமக்காரர் தம் வீட்டில் பயமின்றி உறங்கலாம். பாதை அவர் காணியைச் சுற்றிப் போகும். நலன்புரி நிலையத்தின் தகரக் கூரையின் கீழிருந்து, நிவாரண அட்டை பறிபோகுமோ, மீள்குடியேற்றப் பட்டியலில் பெயர் விடுபடுமோ என்று அஞ்சியபடி ஒரு தாய் வைக்கும் கையெழுத்து அத்தகையது அல்ல.

எமக்குரிய பாடங்கள்

முதலாவது, காணிக்குத் திரும்பிய பின்னரே காணியைப் பற்றிய தீர்மானம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, தம் காணி விடுபடப் பல பத்தாண்டுகள் காத்திருந்தன. காத்திருக்கும் மக்களின் காணியில் பிறர் விடுமுறை கழிக்கும் விடுதி எழுவது அபிவிருத்தி ஆகாது.

இரண்டாவது, காணியைக் கொடாமலே வழியைக் கொடுக்கலாம். அயலவருக்கு வழிவிட மறுப்பது கிறிஸ்தவப் பண்பல்ல. தனிச்சொத்து எவருக்கும் வரம்பற்ற உரிமை அல்ல என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1967ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்தார். ஆனால் வழிவிடுவதை எழுத்தில் வையுங்கள். எமது நாட்டின் 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து ஆண்டுகள் தடையின்றித் தம் உரிமைபோல ஆண்டனுபவிப்பவருக்கு உரிமை பிறக்கக்கூடும். அனுமதியின்பேரில் நடப்பவருக்கு அவ்வாறு பிறப்பதில்லை. எந்த இடத்தால், எந்த மாதங்களில், எதுவரை என்று ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடமும் கொடுத்து வைத்தால் அயலவர் உறவும் கெடாது, காணியும் போகாது. போர்க்காலத்தில் காணியை இழந்தோருக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சிறப்பு ஏற்பாடு செய்தது. வழக்கிடக் கால எல்லையும் விதித்தது. உங்கள் நிலைமை எதுவென்று சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் விசாரித்து அறியுங்கள்.

மூன்றாவது, தனித்தனியே கையொப்பமிடாதீர்கள். கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம், பங்குச் சபை என்பவற்றில் எல்லோரும் கூடிப் பேசிய பின்னர் விடை சொல்லுங்கள். தனியாளிடம் பெறுவது எளிது. ஊரிடம் பெறுவது கடினம். அந்தக் கடினம் எமக்குப் பாதுகாப்பு.

நான்காவது, அங்கில்லாதவரையும் கேளுங்கள். தமிழகத்து முகாமில் இருப்பவரும், கணவனை இழந்து பிறந்தகம் சென்ற பெண்ணும், 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பமும் உரித்தாளரே. எமக்குச் செய்யப்பட்டதை நாமும் பிறர்க்குச் செய்துவிட்டு, நீதியைப் பற்றிப் பேச எமக்கு வாய் இராது.

அன்பான குடும்பங்களே, நாளை உங்கள் படலையில் ஒருவர் வந்து நின்று வழியோ காணியோ கேட்கலாம். அவரை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுங்கள். என்ன வேண்டும், எவ்வளவு காலத்துக்கு, யாருக்கு இலாபம் என்று கேளுங்கள். இறுதியாக இந்தக் கேள்வியையும் கேளுங்கள்: நாங்கள் முடியாது என்றால் என்ன செய்வீர்கள்? அதற்கு அவர் சொல்லும் பதிலில் அத்திட்டத்தின் உண்மை முகம் தெரிந்துவிடும்.